படகுக்கு ஒரு துறை



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்தார். மயிலிட்டியில் இருக்கும் தம் தம்பிக்குப் படகு வாங்கப் பணம் அனுப்பவிருப்பதாகவும், அதற்காகச் செபிக்கும்படியும் கேட்டார். "படகை எங்கே கட்டுவார்?" என்று வினவினேன். அவர் திகைத்து, "கடலிலேதான், சுவாமி" என்றார். அவருக்கு அன்று முழுமையாய்ச் சொல்ல இயலாதுபோன மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

நம் பிறம்ரனுக்கு ஏரிக்கரை இல்லை. ஆயினும் இலையுதிர் காலத்தில் மிசிசாகாவின் போர்ட் கிரெடிட் பக்கம் சென்றிருப்பீர்களாயின், பாரந்தூக்கியால் கரையேற்றப்பட்ட படகுகள் வெண்ணிற நெகிழியால் போர்த்தப்பட்டு வரிசையாய் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நீர் உறைவதற்கு முன் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தை அடைய வேண்டும். அவ்விடத்துக்கு வாடகையும் உண்டு. நம் கரைகளில் வாடகைச் சீட்டு இருக்கவில்லை. ஒழுங்கு இருந்தது.

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என்று ஊர்ப்பெயரிலேயே துறையைச் சுமந்த மக்கள் நாம். படகு வைக்கும் முறையைத் தீர்மானித்தது படகின் உடலே. கட்டுமரம் கரை சேர்ந்ததும் கயிறு அவிழ்க்கப்படும். மரங்கள் தனித்தனியே மணலில் கிடந்து உலரும். உலராவிடில் நீரை உறிஞ்சிப் பாரமாகிவிடும். வள்ளத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பெருமரத்தைக் குடைந்து செய்யப்பட்ட வள்ளங்கள் பெரும்பாலும் மலையாளக் கரையிலிருந்து வந்தவை. வெயிலில் கிடந்தால் வெடிக்கும். ஆதலால் ஓலை நிழலும், சுறா எண்ணெய்ப் பூச்சும் வேண்டும். ஆக, ஒரே மணலில் ஒன்றுக்கு வெயிலும் மற்றொன்றுக்கு நிழலும் பங்கிடப்பட்டன. வள்ளத்தைத் தனியொருவன் கரையேற்ற இயலாது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். அயலவன் தோள் கொடுக்காவிடில் அது அலையிலேயே கிடக்கும். (கரையில் சண்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலையோ, 1978இல் வெளிவந்த அதன் திரைப்படத்தையோ அறிந்தவர்களுக்கு, பருவத்துக்குப் பருவம் பிறர் கரையில் வாடியமைப்பது எத்தகைய வாழ்வு என்பது தெரியும்.)

1958ஆம் ஆண்டுமுதல் அரசின் திட்டத்தின்கீழ் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் வந்தன. 1967இல் நோர்வே மக்களின் உதவியுடன் தொடங்கிய சீநோர் திட்டம், காரைநகரில் கண்ணாடி இழைப் படகுகளைக் கட்டியது. இப்படகுகளைப் பற்றிப் பெருமையுடன் பேசுகிறோம். அவை கரையை மாற்றியதைப் பேசுவதில்லை. இலகுவான கண்ணாடி இழைப் படகை மணலில் இழுத்தேற்றலாம். மூன்றரைத் தொன் படகு நீரிலேயே நிற்க வேண்டும். அதற்கு ஆழமும் காற்றொதுக்கும் தேவை. வாடைக்காற்று நேரே வந்து மோதும் நம் வடகரையில் அத்தகைய இடங்கள் சிலவே. மயிலிட்டி அவற்றுள் ஒன்று. அதன் செழிப்புக்கு அதுவே அடித்தளம்.

1990 யூன் மாதத்தில் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். துறை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. அடுத்த 27 ஆண்டுகள் அவர்கள் பிறருடைய கரைகளில் விருந்தினராய்ப் படகு கட்டினார்கள். விருந்தினரின் படகுக்கு எந்தக் கரையிலும் கடைசி இடந்தான்.

2017 யூலை 3ஆம் நாள் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து, யூலை 6இல், இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டும் நம் மீனவர் நெடுங்காலம் வேண்டிநின்றவை. ஆனால் எல்லை தாண்டியதாகக் கைப்பற்றப்பட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வழக்குப் பொருள்களாக நிறுத்திவைக்கப்பட்ட இடங்களுள் மயிலிட்டியும் ஒன்றானது. வழக்கு நீண்டது, படகுகள் உக்கின, சில அங்கேயே மூழ்கின. மீண்டுவந்த துறையில், அத்துறைக்கு உரியவர்களின் படகுகளுக்கு இடம் குறைந்தது. 2022 பெப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய ஐந்து இடங்களில் இவ்வாறு கிடந்த 105 படகுகள் ஏலம் விடப்பட்டன. காரைநகரில் மட்டும் 65.

இங்கே என் மனம் இரண்டுபடுகிறது. அப்படகுகள் நம் மீனவரின் வலைகளை அறுத்தன, கடலடியைச் சுரண்டின. அதை மறைக்க மாட்டேன். ஆயினும் அவற்றில் வேலை செய்தவர்களுள் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் நம்மவருடன் முழந்தாட்படியிட்டவர்களும் இருப்பர். நாள்கூலிக்குக் கடலேறியவன் சிறை சென்றான். முதலாளி கரையில் இருந்தார். உக்கிய படகைப் பார்த்து மகிழ என்னால் இயலவில்லை. அது மயிலிட்டியானின் இடத்தில் கிடப்பதையும் நியாயப்படுத்த இயலவில்லை.

துறைமுக விரிவாக்கத்தின் மூன்றாம் கட்டம் 2025 செப்ரெம்பர் 1இல் தொடக்கி வைக்கப்பட்டது. நல்லது. ஆனால் புலம்பெயர்ந்த நாம் அனுப்பும் ஒவ்வொரு படகும் அந்த ஒரே துறையில்தான் இடம் கேட்கும். இரு அண்ணன்மார் இரு படகுகளை அனுப்பினால் இரு தம்பியரும் ஒரே தறிக்குப் போட்டியிடுவர். படகுக்கு எண்ணும் பணத்தை, இழுத்தேற்றும் சாய்தளத்துக்கும், வலை காயும் கொட்டகைக்கும், நங்கூரத்துக்கும் நாம் எண்ணுவதில்லை. அவற்றில் நம் பெயரை எழுத இயலாதே!

அந்த அன்பர் வியாழன் இரவு அழைத்தார். தம்பியிடம் விசாரித்தாராம். "படகு ஒரு வருஷம் பொறுக்கட்டும் அண்ணா, முதலில் சங்கத்துக்கு ஒரு வின்ச் வாங்கித் தாருங்கள், கிழவர்கள் இன்னும் தோளால்தான் இழுக்கிறார்கள்" என்றாராம். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.