எனது நாடக வாழ்க்கை
எனது நாடக வாழ்க்கை என்பது நாடக, திரைப்பட நடிகர் அவ்வை தி. க. சண்முகம் (1912–1973) எழுதிய தன்வரலாற்று நூல். இது 1972இல் வெளிவந்தது. தமிழ்த் தொழில்முறை நாடக வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. பெண்வேட நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மகனான சண்முகம், 1918இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். இத்தகைய பாலர் (சிறுவர்) நாடகக் குழுக்களின் பாடம், ஒத்திகை, ஊர்விட்டு ஊர் செல்லும் முகாம் வாழ்க்கை ஆகியவற்றை நூல் உள்ளிருந்து காட்டுகிறது. இச்செய்திகள் வேறெங்கும் இவ்வளவு விரிவாகக் கிடைப்பது அரிது. சுவாமிகளிடம் பாட்டு மரபையும், நாடக ஆசிரியர் எம். கந்தசாமி முதலியாரிடம் உரையாடல் சார்ந்த சமூக நாடக நடிப்பையும் அவர் பயின்றார். இவ்விரு பயிற்சிகளின் சந்திப்பே அவரது கலைநோக்கின் அடிப்படை. 1925இல் சண்முகமும் அவரது சகோதரர்களும் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். அவர்களது ‘மேனகா’ நாடகம் 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமானது. 1942இல் மேடையேறிய ‘ஔவையார்’ நாடகத்தில் ஏற்ற மூதாட்டி வேடம் அவருக்கு ‘அவ்வை’ என்ற அடைமொழியைத் தந்தது. ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவாக நடித்தார்.