புதிய காரின் பிறேக்கும் ரயரும் ஏன் முந்தித் தேய்கின்றன? யாழ்ப்பாண வாகன உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருட இடைவெளி. அதற்குள் கொரோனா முடக்கம், எரிபொருள் வரிசை, ரூபாயின் வீழ்ச்சி எல்லாம் வந்து போயின. இன்று வடக்கில் ஒருவர் சிறிய கார் ஒன்றை வாங்குவதென்றாலும், லீசிங் எடுத்தோ, காணியை ஈடு வைத்தோ, கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகளின் உழைப்பை நம்பியோதான் வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி வாங்கிய கார் ஒரு வருடம் முடிவதற்குள் ரயரும் பிறேக் பேட்டும் மாற்றச் சொல்லிக் கேட்டால் அது சிறிய செலவல்ல. வாடகைக்கு ஓடும் காராக இருந்தால் ஒரு மாதத் தவணையே தவறிப் போகும்.

இந்த முறைப்பாட்டை நான் அடிக்கடி கேட்கிறேன். 12,000, 15,000 கிலோமீற்றர் ஓடிய காருக்கு ரயர் முடிந்துவிட்டது என்கிறார்கள். விற்றவரிடம் கேட்டால் ரயரும் பிறேக்கும் தேயும் பொருட்கள், அவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமதரையில் ஏன் இது இயல்பல்ல?

சாதாரணக் காரின் ரயர்கள் பொதுவாக 40,000 கிலோமீற்றர் அளவுக்கு ஓடக்கூடியவை. முன் பிறேக் பேட்டுகள் ஓட்டுபவரையும் பாதையையும் பொறுத்து 30,000 முதல் 60,000 கிலோமீற்றர் வரை தாங்கும். கண்டியிலோ நுவரெலியாவிலோ இறக்கங்களில் பிறேக்கை மிதித்தபடியே இறங்குபவருக்கு இந்தக் கணக்கு குறையலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, நீண்ட இறக்கமும் இல்லை. ஏ9 வீதி வழியாகக் கொழும்பு வரையான சுமார் 400 கிலோமீற்றரும் பெரும்பாலும் சமதரையே.

ஆகவே இங்கே ஒரு புதிய கார் வழமையின் மூன்றிலொரு பங்கு தூரத்தில் ரயரையோ பிறேக்கையோ தின்று முடித்தால், பாதையிலோ ஓட்டுபவரிலோ மட்டும் பழி போட முடியாது. வேறொரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைத் தேய்ந்த பாகமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

ரயரைப் பார்த்து அறிவது

புதிய ரயரின் பள்ளம் 7 அல்லது 8 மில்லிமீற்றர் ஆழமுடையது. அது 1.6 மில்லிமீற்றராகக் குறையும்போது பள்ளத்தின் அடியிலுள்ள சிறிய மேடுகள் ரயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். அதற்குப் பிறகு அந்த ரயரில் ஓடக்கூடாது. மாரிகாலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு தீக்குச்சியைப் பள்ளத்துக்குள் இறக்கி, நகத்தால் அடையாளம் பிடித்து, அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என ஒவ்வொரு ரயரிலும் மூன்று இடங்களில் அளக்க வேண்டும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதலாக அடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டியில் எழுதப்பட்டிருக்கும். ரயர் சூடாகுமுன், காலையில் அடிக்க வேண்டும்.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர்த்தன்மை பிழை. இதைத்தான் எலைன்மன்ற் என்கிறோம். சில்லின் முன்விளிம்பு பின்விளிம்பை விட 3 மில்லிமீற்றர் உள்ளே திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரயரின் விட்டம் 600 மில்லிமீற்றர் என்றால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த ரயர் சுமார் 5 மீற்றர் பக்கவாட்டாக இழுபடுகிறது. 10,000 கிலோமீற்றரில் இது 50 கிலோமீற்றர். தார் வீதியில் 50 கிலோமீற்றர் தூரம் குறுக்காக உரஞ்சப்படும் ரயர் எப்படி நிலைக்கும்?

ரயரைச் சுற்றிக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அதிர்வுதாங்கியையோ சில்லுச் சமநிலையையோ பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தட்டையாகியிருந்தால், சில்லு இறுகி இழுபட்டிருக்கிறது அல்லது கார் நீண்ட காலம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3523 என்றிருந்தால் அது 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்ட ரயர். காரின் உற்பத்தித் திகதியோடு இது பொருந்தவில்லையென்றால், அல்லது நான்கு ரயரிலும் நான்கு திகதிகள் இருந்தால், ஏன் என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

பிறேக்கைப் பார்த்து அறிவது

புதிய பிறேக் பேட்டின் தடிப்பு 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை இருக்கும். 3 மில்லிமீற்றர் ஆகும்போது மாற்றுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது பாவனைத் தேய்வு. ஒரு சில்லில் மட்டும் தேய்ந்திருந்தாலோ, ஒரே சில்லில் உட்பக்கப் பேட் முடிந்து வெளிப்பக்கப் பேட் புதிதாக இருந்தாலோ அது பழுது. பேட்டை இறுக்கும் கலிப்பர் நகர வேண்டிய ஊசிகள் இறுகியிருக்கும் அல்லது பிஸ்ரன் திரும்பி வராமல் நிற்கும். ஓடி வந்து நிறுத்தியதும் ஒரு சில்லில் மட்டும் கூடிய வெப்பம் தெரிவது இதன் அடையாளம். தொடாமல், கையை அருகில் பிடித்தாலே போதும்.

ஹைபிரிட் கார்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அக்குவா, பிரியஸ், வெசெல் போன்ற கார்கள் வேகம் குறையும்போது மோட்டாரால் மின்சாரம் எடுப்பதால், பேட்டுக்கு வேலை குறைவு. அவற்றின் பேட்டுகள் சாதாரணக் காருடையவற்றை விடப் பல மடங்கு காலம் நிற்கும். 15,000 கிலோமீற்றர் காட்டும் ஹைபிரிட் காரில் பேட் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்து முடிந்திருந்தால், பேட்டை விட மீற்றரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த காராயின் ஏலப் பத்திரத்தில் அன்றைய மீற்றர் அளவு இருக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் முதல் வேலை.

உப்புக் காற்றும் நிறுத்தி வைத்த காரும்

எமது நிலத்துக்கே உரிய காரணங்களும் உண்டு. பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், வல்லை வெளி என்று எந்தப் பக்கம் போனாலும் கடல்நீரேரியின் உப்புக் காற்று. மாரியில் வீதியை மேவும் வெள்ளத்திலும் கரையோரங்களில் உப்பு கலந்திருக்கும். கலிப்பர் ஊசிகள் இறுகுவதற்கு இதுவே போதும். வருடத்துக்கு ஒரு தடவையாவது சில்லைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய கிறீஸ் பூச வேண்டும். தீவகத்துக்கு அடிக்கடி ஓடுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்வது நல்லது.

வெளிநாட்டு உறவினர் வாங்கிவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் ஓடும் கார்களுக்கு வேறு பிரச்சினை. மாதக்கணக்கில் நிற்கும்போது டிஸ்க்கில் துரு படிகிறது. பிறகு ஓடத் தொடங்கியதும் அந்தத் துரு அரத்தைப்போல் பேட்டை அராவுகிறது. ரயரும் நின்ற இடத்தில் தட்டையாகிறது. வீட்டில் இருப்பவர் கிழமைக்கு ஒரு தடவையாவது சில கிலோமீற்றர் ஓடி, நாலைந்து தடவை நன்றாகப் பிறேக் பிடித்துவிட்டு நிறுத்த வேண்டும்.

ஒடுங்கிய ஒழுங்கைகளில் மதகு விளிம்பிலும் வாய்க்கால் கட்டிலும் ஒரு தடவை சில்லு இடித்தாலே எலைன்மன்ற் மாறிவிடும். அப்படி இடித்தால் ரயர் தேயும்வரை காத்திராமல் அந்தக் கிழமையே சோதிக்க வேண்டும்.

தடைக்காலம் தந்த திறமையும் பழக்கமும்

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் வருவது தடுக்கப்பட்டது. கொஞ்சப் பெற்றோலை ஊற்றி ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களையும் மொறிஸ் மைனர்களையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூருவார்கள். எதையும் உருவாக்கி, ஒட்டி, கடைந்து ஓடவைக்கும் கைத்திறனை எமது கராச்காரர்கள் அந்தக் காலத்தில்தான் பெற்றார்கள்.

அதே காலம் இன்னொரு பழக்கத்தையும் தந்தது. பழுதென்றால் யாரிடமும் கேட்பதில்லை. கேட்க ஆளும் இல்லை. நாமே திருத்திக்கொண்டு நாமே செலவைத் தாங்கிக்கொண்டோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் 2009இல் வன்னியிலும் வாகனத்தை மட்டுமல்ல, அதன் பத்திரங்களையும் இழந்தவர்கள் பலர். பத்திரம் காட்டி எதையும் பெறலாம் என்ற நம்பிக்கை எமக்கு இயல்பாக வராததில் வியப்பில்லை. ஆனால் கடன் பட்டு வாங்கிய காரில் அந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

எனது உறவினர் ஒருவர் வாடகைக்கு ஓட்டுவதற்காக வாங்கிய கார் 14,000 கிலோமீற்றருக்குள் முன் ரயர்கள் இரண்டின் உள் ஓரத்திலும் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்தது. விற்ற இடத்தில் ஓட்டத்தால் தேய்ந்தது என்றார்கள். அவருக்கு மறுநாள் ஓட்டம் இருந்தது. புது ரயர் போட்டு, எலைன்மன்ற் செய்து, பழைய ரயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். சில்லு எவ்வளவு விலகியிருந்தது என்பதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சவில்லை.

சட்டம் எந்த அளவுக்கு உதவும்?

தேயும் பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்பது பெரும்பாலான உத்தரவாதப் புத்தகங்களில் உண்டு. ஆனால் தேயவைத்த காரணத்துக்கு அந்த விலக்கு பொதுவாகப் பொருந்தாது. ஸ்ரியறிங், சஸ்பென்சன், கலிப்பர் ஆகியவை வழமையாக உத்தரவாதத்துக்கு உட்பட்டவை. ஆகவே “ரயர் தேய்ந்துவிட்டது” என்று முறையிடக்கூடாது. “சில்லின் கோணம் இவ்வளவு விலகியிருக்கிறது, அதனால் ரயர் தேய்ந்தது” என்று முறையிட வேண்டும்.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகக் கருதுகிறது. வாங்குமுன் பொருளைச் சோதித்தவருக்கு, அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைப் பற்றி அது துணை நிற்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு மாறாக விற்கப்பட்ட பொருள் குறித்து எழுத்து மூலம் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். விசாரணையின் பின் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிட அச்சபைக்கு அதிகாரம் உண்டு. தொலைபேசி இலக்கம் 1977. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது என்பதால், முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

இந்த 3 மாதக் கெடுவே முக்கியம். ரயர் கண்ணுக்குத் தெரியத் தேய்வதற்குள் அது முடிந்துவிடும். அதனால் வாங்கிய முதல் மாதத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். அரசாங்கம் பார்க்கும் என்று இருக்கவும் முடியாது. தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் கேட்கப்படுகின்றன. பிறேக்கையும் ரயரையும் அங்கு எவரும் பார்ப்பதில்லை.

முறையிட்டால் பயன் உண்டா என்பவர்களுக்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். 2008 முதல் வெளியான ஹொண்டா அக்கோர்ட் கார்களில் பின் பிறேக் பேட் மிக விரைவில் தேய்வதாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தார்கள். அங்கும் முதலில் வந்த பதில் தேயும் பொருள் என்பதுதான். 2010இல் வழக்கு இணக்கத்துக்கு வந்து, பேட் மாற்றியவர்களுக்குச் செலவின் ஒரு பகுதியைத் திருப்பித் தர நிறுவனம் உடன்பட்டது. தனித்தனியாக முணுமுணுத்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து முறையிட்டதன் பலன் அது.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் மீற்றர் அளவு தெரியும்படியும், நான்கு ரயரும் தெரியும்படியும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். உள் ஓரத்தையும் எடுங்கள். ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்தால் முன் ரயர்களின் உள் ஓரம் தெரியும்.

அடுத்து, கணினி மூலம் எலைன்மன்ற் செய்யும் இடத்துக்குச் சென்று, திருத்துவதற்கு முந்திய அளவைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். திருத்திய பிந்திய அளவு மட்டும் இருந்தால் எதையும் நிறுவ முடியாது.

கழற்றிய பேட்டுகளையும் ரயர்களையும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். எந்தச் சில்லில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டுங்கள். பற்றுச்சீட்டில் திகதி, வாகன இலக்கம், மீற்றர் அளவு மூன்றும் இருக்க வேண்டும்.

பிறகு விற்றவருக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது பின்னர் சாட்சிக்கு வராது.

பிறேக் 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் முறைப்பாட்டின் முடிவுக்காகக் காத்திருந்து ஓடக்கூடாது. உயிர் அதைவிடப் பெரிது. படமும் அளவும் எடுத்துவிட்டு அன்றே மாற்றிவிடுங்கள். பழைய பேட்டைப் பத்திரப்படுத்துங்கள்.