மேசைவிரிப்பு போர்வையான வரலாறு

மாஹிமில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பெட்டியின் அடியில் மடித்து வைத்த மேசைவிரிப்பு ஒன்று இருக்கும். பாட்டியோ அத்தையோ பள்ளியில் பயின்ற நாளில் பூ வேலை செய்தது. ஓரத்தில் ரேந்தை வைத்துத் தைத்தது. விருந்தினர் வரும் நாளில் மட்டும் விரித்தது. இன்று அதன் நடுவில் காப்பிக் கறை படிந்திருக்கும்; மடிப்பு விழுந்த கோடுகளில் நூல் இற்றிருக்கும். விரிப்பதற்கு ஆகாது; எறிவதற்கோ மனம் வராது. இத்தகைய துணிகளை வெட்டி இணைத்து, தையல் யந்திரத்தால் போர்வையாக்கும் கலை ஒன்று உண்டு. மிக எளிய வேலைதான். எனினும், இதன் பின்னே இரு நூற்றாண்டு வரலாறு நிற்கின்றது. அவ்வரலாற்றில் தமிழ்ப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கந்தை என்னும் சொல்

பழந்துணியை அடுக்கித் தைத்துப் போர்த்துக்கொள்வது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். ‘கந்தா’ என்னும் வடசொல்லே தமிழில் ‘கந்தை’ என வழங்குகின்றது என்பர். வங்காளத்தில் அதுவே ‘காந்தா’ எனக் கலைப்பொருளாயிற்று. பீகாரில் ‘சுஜனி’, கன்னட நாட்டில் ‘கவுதி’, மராட்டிய மண்ணில் ‘கோதடி’ எனப் பெயர் மாறினும் பொருள் ஒன்றே. பௌத்தத் துறவியரின் சீவர ஆடையும் துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவதே. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைப் போல அதனை அமைக்குமாறு புத்தர் கூற, ஆனந்தர் அவ்வாறே அமைத்தார் என்று விநய நூல் கூறும்.

நம்மவரிடையேயோ கந்தை என்றால் வறுமை என்றே பொருளாயிற்று. தஞ்சைப் பகுதியில் தேருக்கும் கோயிலுக்கும் தொங்கவிடும் தொம்பைகளில் துண்டுத் துணி வேலைப்பாடு உண்டு. அது புதுத் துணியில் செய்வது. பழஞ்சேலையோ பிள்ளைக்குத் தூளியாகும். பின்னர் கைப்பிடித் துணியாகும். அத்தோடு அதன் வாழ்வு முடியும். ஒன்பது கஜம் உடுத்தும் வழக்கம் நமக்கும் மராட்டியப் பெண்மணிகளுக்கும் பொது. அச்சேலை நைந்தபின் அவர்கள் அதனைக் கோதடியாக்கினர். பம்பாய்க்கு வந்த நாம் அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்டவற்றுள் இதுவும் ஒன்று.

ரேந்தை கொணர்ந்த விடுதலை

மேசைவிரிப்பு நமக்குப் புதிது. வாழையிலையில் உண்போர்க்கு மேசை எதற்கு, விரிப்பு எதற்கு? ஆயினும், ஐரோப்பியர் வீட்டுத் துணிகளின் ஓரத்தை அழகு செய்த ரேந்தை, தென்தமிழ் நாட்டுப் பெண்களின் விரல்களிலும் பிறந்தது என்பதை நம்முள் பலர் அறியார். 1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோயிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்னும் அம்மையார், அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்குள்ள பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, மொழியறிஞர் கால்டுவெல்லை 1844-இல் மணந்து, நெல்லைச் சீமையின் இடையன்குடியில் அதே தொழிலைப் பரப்பினார்.

அந்நாளில் நாகர்கோயில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அங்கு அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, ரேந்தை பின்னிய அடிமைப் பெண்கள் சிலர் தம் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறு கூறுகின்றது. ஊசியும் நூலும் ஒரு பெண்ணுக்கு எதனைப் பெற்றுத்தர இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு நெல்லைச் சீமை மக்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தனர். மாஹிமுக்கும் தாராவிக்கும் இடையே இருப்பது ஓர் இருப்புப்பாதையே. மாட்டுங்காவில் எழுத்தர்களும் கணக்கர்களும் குடியேறினர். பள்ளிகளின் தையல் வகுப்பும் ஊரிலிருந்து வந்த பெட்டியுமாக மேசைவிரிப்பு நம் இல்லங்களில் புகுந்தது. வானொலிப் பெட்டியை மூடிற்று. தையல் யந்திரத்தையும் மூடிற்று.

யந்திரம் வந்த கதை

பாரத்தலமி திமோனியே என்னும் பிரெஞ்சுத் தையற்காரர் 1830-இல் தையல் யந்திரத்திற்கு உரிமம் பெற்றார். பாரிசில் படைவீரர் சீருடை தைத்த அவருடைய யந்திரங்களை, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் மறு ஆண்டே அடித்து நொறுக்கினர். பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இலும், ஐசக் சிங்கர் 1851-இலும் உரிமம் பெற்றனர். அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற ஹாரியட் பவர்ஸ் என்னும் அம்மையார், 1886-ஐ ஒட்டி, கையாலும் யந்திரத்தாலும் தைத்த விவிலியக் கதைப் போர்வையை, வறுமையால் ஐந்து டாலருக்கு விற்றார். இன்று அது அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

யந்திரங்களின் ஆதிக்கத்தைக் கண்டித்த காந்தியடிகளும் சிங்கர் தையல் யந்திரத்திற்கு விலக்கு அளித்தார். 1924-இல் தில்லியில் ஜி. ராமச்சந்திரன் என்னும் இளைஞர் வினவியபோது, பயன் மிக்க சில கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று என்று அவர் கூறினார். அவ்விளைஞரே பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து, 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார்.

துணி நகரம்

1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் நிறுவிய ஆலை நிறுவனத்தோடு பம்பாய் துணி நகரமாயிற்று. ஆனால் துணி நகரத்திலும் துணிக்குப் பஞ்சம் வந்ததுண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-இல் துணிக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்து அரசும் பழையதைத் தைத்து உடுத்துமாறு மக்களுக்குக் கையேடு வெளியிட்டது. 1982 சனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர்; பல ஆலைகள் அதன்பின் மீளவே இல்லை. அக்காலத்தில் பல குடும்பங்களில் அடுப்பெரியச் செய்தது பெண்களின் வீட்டு வேலையும் தையல் யந்திரமுமே ஆகும்.

தாராவித் தையற்கூடங்களில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை இங்கு ‘சிந்தி’ என்பர். அவற்றையும் எடைக்கு வாங்கிப் பெண்கள் கோதடி தைக்கின்றனர். மறுபுறம், தலையில் கூடையுடன் வாயிலுக்கு வரும் ‘போஹாரின்’ பெண்மணி, பழந்துணிக்கு ஈடாக எவர்சில்வர் பாத்திரம் தருகின்றாள். அவள் தொழிலும் பழந்துணிக்கு மறுவாழ்வு தரும் நற்றொழிலே. எனினும், எதனை அவளிடம் கொடுக்கலாம், எதனைக் கொடுக்கலாகாது என்று ஆராய்ந்து கொடுத்தல் நன்று.

செய்முறை

விரிப்பை முதலில் நன்கு துவைத்துக் கஞ்சியை அகற்றுக. வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் புலப்படும். பெரும்பாலும் மடிப்புக் கோடும் மேசை விளிம்பில் உராய்ந்த இடமுமே இற்றிருக்கும். தொங்கிய பக்கங்கள் உறுதியாக இருக்கும். ஆளிநாரால் நெய்த லினன் துணி துவைக்கத் துவைக்க மென்மையாகும். ஆதலின் போர்வைக்கு மிக ஏற்றது. நல்ல பகுதிகளைச் சதுரங்களாக வெட்டி, கால் அங்குலம் மடிப்பு விட்டு இணைத்திடுக.

நடுவே பஞ்சு அடைத்தால் பம்பாய் மழைக்காலத்தில் எளிதில் உலராது; பழைய பருத்திச் சேலை ஒன்றை வைத்தல் சாலும். மூன்று அடுக்கையும் சுருக்கமின்றிப் பரப்பி, நீண்ட கைத்தையலால் தற்காலிகமாகப் பிணைத்திடுக. யந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டுமே இழுக்கும். மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். ஆதலின் பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி, தையலைச் சற்று நீளமாக வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்திடுக. மேல்துணியையும் உடன் நகர்த்தும் தனிப் பாதமும் கடைகளில் கிடைக்கின்றது. ரேந்தையின் மேல் யந்திரத்தை ஓட்டினால் பாதத்தில் சிக்கும். அதனைக் கையால் தைப்பதே நன்று.

நாம் செய்யத்தக்கது

கையால் பல நாள் தைக்கும் கோதடியை யந்திரம் விரைவில் முடித்துவிடும். இதனால் கைத்திறன் அழியும் என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் முற்றும் பொய்யன்று. எனினும், வேலைக்குச் சென்று திரும்பும் நம் பெண்மக்களுக்குப் பல நாள் ஓய்வு எங்கே? யந்திரம் இல்லையேல் அத்துணி போர்வையாவதே இல்லை, பெட்டியிலேயே மட்கிப்போகும்.

அழியக்கூடாதது வேறொன்று. அவ்விரிப்பைப் பின்னியவர் யார், எந்த ஊரார், எந்த ஆண்டில் இந்நகருக்கு வந்தார் என்னும் செய்தியே அது. ஆலைகளைப் பற்றி நூல்கள் உள. தலைவர்களுக்குச் சிலைகள் உள. வீட்டில் இருந்தவாறே தைத்துக் குடும்பத்தைக் காத்த பெண்களுக்கோ அவர்கள் விட்டுச்சென்ற துணியன்றி வேறு பதிவேடு இல்லை. ஆதலின், போர்வை தைக்கும் தாய்மார்கள் அதன் ஒரு மூலையில் பாட்டியின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தமிழ் எழுத்தில் நூலால் பொறித்து வைப்பார்களாக. பாட்டியை அறிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைக் கேட்டு அறிதல் வேண்டும். பின்னர்க் கேட்பதற்கு ஆள் இரார்.