எஸ்டேட் – ஒரு சொல்லின் வரலாறு

மலேசியத் தமிழர் நாவில் நன்கு பழகிய ஆங்கிலச் சொற்களுள் ‘எஸ்டேட்’ என்பதும் ஒன்று. அதைக் கேட்டவுடன் பால்மரமும் லயமும் பிரட்டுக்களமும் நினைவுக்கு வரும். ஆயின், அச்சொல் பிறந்த காலத்தில் அதற்கும் தோட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இலத்தீன் மொழியில் ‘ஸ்டாட்டுஸ்’ என்றால் நிலை. ‘நில்’ என்னும் வேரினின்று தமிழில் ‘நிலை’ பிறந்தாற்போல, நிற்றலைக் குறிக்கும் வினையினின்றே அதுவும் பிறந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தபோது, அது மனிதனின் நிலைமையையே உணர்த்திற்று. அரசைக் குறிக்கும் ‘ஸ்டேட்’ என்பதும் இதன் உடன்பிறப்பேயாகும்.

பின்னர், நிலை என்பது சமுதாயப் படிநிலையும் ஆயிற்று. பிரான்சில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, ஏனையோர் அனைவரும் மூன்றாவது. 1789 மே 5-இல் இம்மூன்று வகுப்பாரும் வெர்சேல்ஸ் நகரில் கூடினர். ஜூன் 17-இல் மூன்றாம் வகுப்பார் தம்மையே தேசிய சபை என அறிவித்தனர்; புரட்சி மூண்டது. பத்திரிகைத் துறையை ‘நான்காவது எஸ்டேட்’ என்பதும் இவ்வரிசையை ஒட்டியே.

நிலத்துக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நிலம் முழுவதும் அரசருடையது என்னும் கோட்பாடு வேரூன்றியது. பிறரிடம் இருந்தது நிலமன்று. நிலத்தின்மீது அவரவர்க்குள்ள உரிமைநிலையே. அதுவே ‘எஸ்டேட்’. வாழ்நாள் மட்டும் உள்ள உரிமை ஒருவகை. வழிவழி வரும் உரிமை மற்றொருவகை. நாளடைவில் உரிமையின் பெயர் நிலத்துக்கே ஆகி வந்தது. இலக்கண நூலார் ஆகுபெயர் என்பது இதனையே. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தும் அப்பெயர் பெற்றது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு இச்சொல்லைச் சூட்டியவர்கள் ஆங்கிலேயர். காடு வெட்டிக் கன்று நட்டுப் பால் எடுத்த தொழிலாளிக்கோ, லயத்தின் ஓர் அறைகூடச் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போயிற்று. உரிமையைக் குறித்த சொல், உரிமையற்றோர் வாழ்ந்த இடத்தின் பெயராயிற்று!

1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இவ்வுண்மை கசப்புடன் வெளிப்பட்டது. அந்நிலையில்தான் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அங்கே பால் வெட்டிய பங்குதாரருக்கு மட்டும் ‘எஸ்டேட்’ என்னும் சொல் தன் பழம்பொருளில் வழங்கிற்று எனலாம்.