திருவிழாவும் நாட்டுப் பாதுகாப்பும் சமய உரிமையும்: சேலத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ நோக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மசூதி இருந்த வழியாக மேளதாளத்தோடு சாமி ஊர்வலம் போகலாமா என்ற பிணக்கு, 1882-ஆம் ஆண்டு ஊரையே கலவரத்தில் தள்ளியது. மசூதி இடிக்கப்பட்டது, பலர் தண்டனை பெற்றனர். அப்போது நகராட்சி உறுப்பினராக இருந்த இளம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னாளில் ‘தென்னிந்தியாவின் சிங்கம்’ என்று பெயரெடுத்து, 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை ஏற்றவர் அவரே. அந்தப் பூசலில் கிறிஸ்தவர்கள் ஒரு தரப்பாக இருக்கவில்லை. அவர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்களும் அல்லர். இராபர்ட் தெ நொபிலி 1623-இலேயே சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்துவிட்டார். லண்டன் மிஷன் 1827-இல் இங்கே நிலையம் அமைத்தது. கத்தோலிக்கருக்கு 1930-இல் தனி மறைமாவட்டம் ஏற்பட்டது. ஆயினும் சேலம், நாமக்கல் சமவெளியில் அவர்கள் இன்றும் நூற்றுக்கு இருவர்கூட இல்லாத சிறு கூட்டம். திருவிழா, அரசின் பாதுகாப்புக் கடமை, சமய உரிமை ஆகிய மூன்றும் முட்டிக்கொள்ளும்போது கிறிஸ்தவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு, அவர்களுக்கு நேரடித் தொடர்பே இல்லாத இந்த 1882-ஆம் ஆண்டுப் பூசல்தான் நல்ல தொடக்கம். தன் வழக்கில் நியாயம் பேசுவது யாருக்கும் எளிது. பிறர் தேர் ஓடும் தெருவில் என்ன சொல்கிறோம் என்பதில்தான் ஒரு கொள்கையின் எடை தெரியும்.

மறு ஆண்டு, 1883-இல், மசூதிமுன் மேளம் என்ற இதே வகைப் பிணக்கில், சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சார்லஸ் டர்னர் காலத்தில் அந்த நீதிமன்றம் வகுத்த நெறி இதுதான்: பொதுத்தெருவில் முறையாக ஊர்வலம் போகும் உரிமை எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு. அது அரசு இடும் பிச்சையும் அல்ல, அண்டைத் தெருக்காரர் காட்டும் தயவும் அல்ல. உயிரையும் உடைமையையும் காப்பது அரசின் முதற்கடமை. ஆகவே கைகலப்பு மூளும் என்று மாஜிஸ்திரேட் உண்மையாகவே நம்பினால் அந்த உரிமையைச் சில நாள் நிறுத்திவைக்கலாம். ஆனால் உரிமை உடையவனுக்குத் துணை நிற்பதே விதி, நிறுத்திவைப்பது விலக்கு. ஷியாக்களின் மொகரம் ஊர்வலம் சன்னி மசூதி அருகே நின்றதால் எழுந்த மன்சூர் ஹசன் வழக்கில் 1924-இல் லண்டன் பிரிவி கவுன்சில் சென்னையின் நெறியையே ஏற்றது. வாரணாசி ஷியா-சன்னி தகராற்றில், குலாம் அப்பாஸ் வழக்கில், உச்ச நீதிமன்றமும் 1981-இல் அந்தத் தடத்திலேயே நடந்தது. ஒரு தரப்பு இந்து, மறு தரப்பு முஸ்லிம் என்பது இந்த நெறிக்கு முக்கியமே இல்லை. அமைதியைக் குலைப்பவன் யார் என்று மட்டுமே அது கேட்கிறது. கிறிஸ்தவர் தமதாக ஏற்க வேண்டிய கேள்வியும் அதுவே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். திருவிழா ஆபத்தானதா என்று கேட்கத் தொடங்கிவிட்டால், விடை எப்போதும் பெரிய கூட்டத்தின் பக்கமே சாயும்.

இந்தக் கேள்வி இன்று நாட்டுப் பாதுகாப்பு என்ற கனமான சொல்லோடு வருகிறது. அந்தச் சொல்லுக்கு இங்கே இடம் உண்டா என்று அரசியல் சட்டத்தின் வாசகத்திலேயே பார்த்துவிடலாம். பேச்சுரிமைக்கு வரம்பிடும் 19(2)-ஆம் உறுப்பில் ‘அரசின் பாதுகாப்பு’ என்பது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. சமய உரிமையைக் கூறும் 25-ஆம் உறுப்பிலோ பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவையும் அடிப்படை உரிமைகள் பகுதியின் பிற விதிகளுமே எல்லைகள். அரசின் பாதுகாப்பு அங்கே எழுதப்படவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் முதன்முதலில் அழுத்திச் சொன்னதற்கும் சேலம் தொட்ட ஒரு காலப் பின்னணி உண்டு. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் இறந்தனர். மார்ச் 1 அன்று, ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி ஏடு சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசு தடைபோட்டது. மே மாதம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, பொது ஒழுங்குக்கு ஏற்படும் ஒவ்வொரு சலசலப்பும் அரசின் பாதுகாப்புக்கு வந்த ஆபத்தாகாது என்று கூறி அந்தத் தடையை ரத்து செய்தார். ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965-இல் நீதிபதி ஹிதாயத்துல்லா இதையே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள் வரைந்து விளக்கினார்: வெளியே சட்டம்-ஒழுங்கு, அதனுள் பொது ஒழுங்கு, நடுவில் மிகச் சிறியதாய் அரசின் பாதுகாப்பு. சர்வதேச குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆம் உறுப்பும் சமய வழிபாட்டுக்கு நாட்டுப் பாதுகாப்பை ஓர் எல்லையாக வைக்கவில்லை; ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் தந்த விளக்கம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. பூமிதியோ சப்பரமோ சந்தனக்கூடோ எந்தத் தெருவில் போகிறது என்பது ஏறக்குறைய எப்போதும் வெளிவட்டத்துச் செய்தி. அதை நடு வட்டத்துக்கு இழுப்பது கொசுவுக்குப் பீரங்கி தூக்குவதாகும்.

வழிபாட்டை நாட்டுப் பாதுகாப்போடு முடிச்சிடுவதைக் கிறிஸ்தவ மரபு தன் உடம்பில் பட்ட அடியாகவே அறியும். கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தெசியுஸ், குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டு பெற வேண்டும் என்று ஆணையிட்டான். பேரரசின் நலனுக்காக என்பதே அதற்குச் சொன்ன காரணம். விழாவில் கலந்துகொள்ளாதவன் நாட்டுக்குப் பகைவன் என்பது உட்பொருள். 303-இல் தியோக்கிளேசியனின் துன்புறுத்தல் தொடங்கியதும் டெர்மினாலியா என்ற திருவிழா நாளில்தான். வற்புறுத்தி வாங்கும் வழிபாடு வழிபாடே அல்ல என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதற்கு முன்பே, 212 வாக்கில், ஆப்பிரிக்க ஆளுநருக்கு எழுதியிருந்தார். புதிய ஏற்பாட்டிலும் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்தார் தங்கள் தேவியின் பெருமைக்குக் குறை வந்ததென்று அரங்கத்தில் திரண்டு கூச்சலிடுகிறார்கள். கூட்டத்தை அடக்குபவர் ஒரு சீடர் அல்லர், பட்டணத்துச் சம்பிரதி. இந்தக் கிறிஸ்தவர்கள் கோயிலைக் கொள்ளையிடவும் இல்லை, தேவியைப் பழிக்கவும் இல்லை; குறை இருந்தால் நீதிமன்றம் திறந்திருக்கிறது, இந்தக் கலகத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டிவரும் என்கிறார் அவர். ரோமர் 13-ஆம் அதிகாரம் அரசுக்குக் கொடுக்கும் பட்டயம் இந்த வேலைக்குத்தான்: தீமை செய்பவனைத் தடுக்க, மனச்சாட்சியை அளக்க அல்ல. பின்னர் அதிகாரம் கைக்கு வந்தபோது கிறிஸ்தவ அரசர்களே இந்தப் பாடத்தை மறந்தார்கள். தியோதோசியுஸ் 391, 392-இல் பிற தெய்வங்களுக்கான பலிகளைத் தடை செய்தான். கோவாவில் நடந்த இன்குவிசிஷனையும் வேறு யாரும் செய்ததாகச் சொல்ல முடியாது. சமய உரிமை மனித மாண்பிலிருந்தே பிறக்கிறது, நியாயமான பொது ஒழுங்கே அதற்கு எல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965 டிசம்பர் 7 அன்று. மிகத் தாமதம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது இலங்கையிலிருந்து வருகிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு விடுதிகள் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு திருவிழா நாளே குறியாக்கப்பட்ட பிறகும் நாட்டுப் பாதுகாப்புக்கு இதில் வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வேலை உண்டு, அது வழிபடுவோரைக் காக்கும் வேலை. இந்திய உளவுத்துறை முன்கூட்டியே தந்த எச்சரிக்கை கொழும்பில் கிடப்பில் கிடந்தது. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சமய உரிமை மிகுந்ததால் அந்தக் குண்டுகள் வெடிக்கவில்லை. கையில் இருந்த தகவலை அதிகாரிகள் பயன்படுத்தாததால் வெடித்தன. குண்டுகளுக்குப் பின் நெருக்கடிகால விதியால் முகம் மூடும் உடை தடை செய்யப்பட்டது. மே மாதம் மினுவாங்கொடை முதலிய ஊர்களில் குண்டுவெடிப்போடு தொடர்பே இல்லாத முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. கோயில்கள் மூடியிருந்த நாட்களில் தொலைக்காட்சியில் திருப்பலி நிறைவேற்றிய கர்தினால் மல்கம் ரஞ்சித், பழிவாங்கலைத் தடுக்கவும் பொறுப்பானவர்களை நீதிமுன் நிறுத்தவும் சேர்த்தே குரல் கொடுத்தார். இரண்டும் ஒரே கோரிக்கைதான்.

இரத்தம் சிந்தும்வரை காவல்துறை கைகட்டி நிற்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1882-ஐ அறிந்தவர் யாரும் முடியும் என்று சொல்லமாட்டார்கள். நேரம், வழி, ஒலி அளவு, கூட்டத்தின் எண்ணிக்கை ஆகியவற்றை வரையறுக்கும் அதிகாரம் தேவை. பழைய 144-ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவும் இரண்டு மாத உத்தரவுக்கே இடம் தருகிறது, மாநில அரசு நீட்டித்தாலும் மேலும் ஆறு மாதமே. பார்க்க வேண்டியது, தடை எல்லாருக்கும் ஒன்றுபோல் விழுகிறதா என்பதே. 2020-இல் பெருந்தொற்றின் பேரில் விநாயகர் ஊர்வலமும் நின்றது, வேளாங்கண்ணித் திருவிழாவும் பக்தர் கூட்டமின்றி நடந்தது. அதில் குறை காண இடமில்லை. மாறாக, 2022-இல் ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்புகளுக்குத் தமிழக அரசு அனுமதி மறுத்தபோது, தடை செய்யப்பட்ட ஓர் அமைப்பால் ஆபத்து வரலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அரசே கொடுத்த பட்டியலில் ஆர்.எஸ்.எஸ். அமைப்பினர் பல வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களாகவே இருப்பதைச் சுட்டி மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்த அமைப்பின் கருத்துகள் கிறிஸ்தவருக்குக் கசப்பானவையாக இருக்கலாம். நெறி கசப்பைப் பார்ப்பதில்லை. சேலத்துக்குக் கிழக்கே, பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் இந்து ஊர்வலத்தை அங்கே பெரும்பான்மையான முஸ்லிம்கள் எதிர்த்த வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: உள்ளூர்ப் பெரும்பான்மையின் எதிர்ப்பே போதும் என்றால் நாட்டின் பெரும்பகுதியில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த முடியாது. சேலம், நாமக்கல் கிறிஸ்தவருக்கு அந்த வாக்கியம் வெறும் சட்ட நுட்பமல்ல. அவர்களின் பெரிய வெள்ளிச் சிலுவைப் பாதை ஊர்வலம் தெருவில் இறங்குவதே அதை நம்பித்தான்.

இது சிறுபான்மையின் தன்னல வாதம் என்பாரும் உண்டு. கிறிஸ்தவர் பெரும்பான்மையாகவோ வலுவாகவோ இருக்கும் இடங்களில் நடந்ததை மறைத்துவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு சரியாகிவிடும். சேலம் பூசலுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1982 மார்ச் 1 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காடு பகவதி அம்மன் கொடைவிழாவில் பக்தர்களுக்கும் கத்தோலிக்க மீனவர்களுக்கும் மோதல் மூண்டது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தனர். பகை கடலோர ஊர்களுக்கெல்லாம் பரவியது. சைவ மடத்தலைவர் குன்றக்குடி அடிகளார் நேரில் சென்று அமைதிக்கு உழைத்தார். அங்கே வழிபட வந்தவர்கள் இந்துக்கள். அவர்கள் அச்சமின்றி வந்துபோகும் உரிமையைக் கிறிஸ்தவரே முன்னின்று காத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியிலும் பாடம் உண்டு: சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு எதிரான வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் செபிக்க எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்றது. சாதி இதைவிட ஆழமான நோய். விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008-இல் ஒரே திருச்சபையின் வன்னியரும் தலித்துகளும் மோதி, துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தன் தேர் எந்தத் தெருவுக்குள் நுழையாது என்று முடிவு செய்யும் சபை, பிறர் தெருவில் உரிமை பற்றிப் பேசும்போது குரல் கம்முவது இயல்பே.

நீதிமன்றத் தீர்ப்புகள் எட்டாத ஒரு மூலை சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களில் இருக்கிறது. மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டதும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது வழக்கம். சமயம் வளர்க்க வரி கட்டும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்கிற 27-ஆம் உறுப்பு அரசு விதிக்கும் வரியைத்தான் பேசுகிறது. ஊர்க்கூட்டத்தின் வரி அதற்குள் வராது. கொடுக்க மறுக்கும் கிறிஸ்தவக் குடும்பம் ஊரை அவமதித்ததாகவும், கொடுக்கும் குடும்பம் விசுவாசத்தில் தளர்ந்ததாகவும் பேசப்படுகிறது. ரோமர் 14-ஆம் அதிகாரம் உணவையும் நாட்களையும் பற்றி அவரவர் மனச்சாட்சிக்கு விட்டதுபோல் இதையும் விடலாம்: சாமிச் செலவுக்குக் கொடுக்காதவர், அதே விழாவுக்கு ஊர் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தெருவிளக்குக்கும் கொடுக்கத் தடையில்லை, ஊரும் இரண்டு கணக்கையும் தனித்தனியே எழுதினால் போதும். மறுத்த குடும்பத்தைத் தண்ணீருக்கும் கடைக்கும் ஒதுக்கிவைக்கும் நாள் வந்தால் மட்டுமே அது காவல் நிலையத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போக வேண்டிய விஷயம்.