வழங்கியிலிருந்து உலாவிக்கு: தமிழ்த் தரவின் கையளிப்பும் 2010 கோவை மாநாடும்

ஆய்வுச் சுருக்கம்

இணையப் பக்கத்தை உருவாக்கும் வழங்கி, தன்னிடமுள்ள தமிழ்த் தரவை உலாவியில் இயங்கும் நிரலுக்குக் கையளிக்கிறது. அத்தரவு தமிழாகவே சென்று சேர்கிறதா என்பதைக் குறியாக்க வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, திஸ்கி, டேஸ்-16, ஜேசான், கோவை

முன்னுரை

1995இல் ஜாவாஸ்கிரிப்ட் அறிமுகமானபின், உலாவியிலேயே தேடவும் வரிசைப்படுத்தவும் வழி பிறந்தது. அதற்குரிய தரவை வழங்கியே அனுப்ப வேண்டும். மின்னகராதி, தொடரடைவு போன்ற ஆய்வுக் கருவிகள் இக்கையளிப்பையே சார்ந்துள்ளன.

வடிவமாகச் சென்ற தமிழ்

1990களின் இறுதியில் திஸ்கி என்னும் 8 பிட்டுக் குறியாக்கம் உருவானது. 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் ஆகியவற்றைத் தரமாக அறிவித்தது. திஸ்கி, எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிந்தது. அதில் ‘கோவை’ என்பது ே, க, ா, ை, வ என்னும் ஐந்து குறிகள். உரிய எழுத்துரு இருப்பின் வாசகர் பிழையின்றிப் படிப்பார். ஆனால், ககரத்தில் தொடங்கும் சொற்களை நிரல் தேடினால் ‘கோவை’ அகப்படாது. சென்று சேர்ந்தது எழுத்தின் வடிவமே, எழுத்தன்று.

கோவை மாநாடும் இரு குறியாக்கங்களும்

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் உடன் நிகழ்ந்தது. அதையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி முழுமையாக இயங்காத மென்பொருள்களுக்கு டேஸ்-16 முறையை மாற்றாகவும் ஏற்றது.

ஒருங்குறியில் ‘கோவை’ க, ோ, வ, ை என நான்கு குறிகளாகும். அவற்றின் எண்கள் 2965, 3019, 2997, 3016. டேஸ்-16இல் கோ, வை என இரண்டே. எழுத்தெண்ணும் யாப்பாய்வுக்குப் பின்னது எளிது. எனினும், அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அனுப்புநரும் பெறுநரும் முன்னரே உடன்பட்டிருந்தாலன்றிப் பொருள்படாது. எவர் உலாவியிலும் திறக்கப்படும் பக்கத்தில் அவ்வுடன்பாட்டை எதிர்பார்க்க இயலாது.

கையளிப்பின் இன்றைய நிலை

2006இல் ஜேசான் வடிவம் இணைய ஆவணமாக வரையறுக்கப்பெற்றது. அவ்வாண்டே வெளிவந்த பிஎச்பி 5.2, தரவை ஜேசானாக்கும் செயற்கூற்றைத் தந்தது. யுடிஎஃப்-8 அல்லாத பைட்டுகளை அச்செயற்கூறு ஏற்பதில்லை. எனவே, திஸ்கித் தொகுப்புகள் வழங்கியிலேயே ஒருங்குறிக்கு மாற்றப்படுதல் இன்றியமையாததாயிற்று. 2017ஆம் ஆண்டின் வரையறை, பொது அமைப்புகளுக்கிடையிலான ஜேசான் பரிமாற்றத்திற்கு யுடிஎஃப்-8ஐக் கட்டாயமாக்கியது.

ஒருங்குறியிலும் இரு சிக்கல்கள் எஞ்சுகின்றன. ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும், ே, ா என இரண்டாகவும் பதியலாம். தோற்றத்தில் ஒன்றான இரு ‘கோவை’களை நிரல் வேறெனக் கொள்ளும். 2015இல் ஜாவாஸ்கிரிப்ட் பெற்ற இயல்பாக்கச் செயற்கூறு இதனைத் தீர்க்கிறது. அடுத்து, நீளம் கேட்டால் நிரல் நான்கு என்னும். தமிழிலக்கணம் இரண்டு என்னும்.

முடிவுரை

கோவையில் ஏற்கப்பட்ட தரம் எழுத்துருச் சிக்கலுக்கான தீர்வு மட்டுமன்று. தமிழ்த் தரவு நிரலுக்கும் தமிழாகவே சென்று சேர்வதற்கான அடிப்படையுமாகும். எனினும், குறியை எழுத்தெனக் கொள்ளும் யாப்பாய்வு நிரல் பிழையான முடிவையே தரும். ஆகவே, தரவை வழங்கியில் இயல்பாக்குவதும் உலாவியில் எழுத்தளவில் எண்ணுவதும் கணித்தமிழ் ஆய்வாளரின் பொறுப்பாகின்றன.