தேயிலையின் வமிசாவளி

கொத்மலை ஓயா பாயும் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தோன்றிய அந்நிலையத்தின் கதை, மனிதன் ஒரு செடியை எவ்வளவு நுணுக்கமாக அறிய முடியும் என்பதன் கதை. அந்த அறிவின் பயன் யாரைச் சேர்ந்தது என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இக்கேள்வி கோப்பிக் காலத்திலேயே பிறந்தது. 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் இனங்காணப்பட்டது. 1880இல் இங்கு வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் பரவுவதை விளக்கினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டிருந்தமையால் நோயைத் தடுக்க அரண் ஏதும் இருக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பிச் செல்வம் அழிந்தது. முதலாளிகளின் நட்டம் ஏடுகளில் ஏறியது. கூலி நிலுவையோடு கைவிடப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் நட்டத்தை யார் எழுதினார்கள்?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலை அயல் மகரந்தத்தால் கருவுறுவது. ஆகவே விதையிலிருந்து எழும் ஒவ்வொரு செடியும் தனிக்குணம் உடையது. சிறந்த தாய்ச்செடியின் தண்டுத் துண்டை வேர்விடச் செய்தால் அதே குணமுள்ள ஆயிரக்கணக்கான செடிகளைப் பெறலாம். இவ்வழியில் நிலையம் பரப்பிய 2020 வரிசைச் செடிகள் விளைச்சலைப் பெருக்கின. ஆயினும் அவற்றுட் பல, அஸ்ஸாமிலிருந்து வந்த ஏஎஸ்எம் 4/10 என்னும் ஒரே தாயின் வழிவந்தவை. கோப்பி கற்பித்த பாடத்தை மறந்துவிட முடியுமா?

செடிக்கு எண்ணும் பதிவேடும் இருந்தன. அச்செடியில் கொழுந்து பறித்தவளுக்கோ? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவளிடமும் வமிசாவளியைக் கேட்டது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கேயே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும்! பிறப்புச் சான்றே காணாத லயத்து மக்கள் எதைக் காட்டுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் இரு அரசுகள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சியோர் சிக்கல் தீரச் சட்டம் வந்தது 2003இல்.

இன்று விஞ்ஞானம் செடியின் உள்ளேயே வமிசாவளியை வாசிக்கிறது. ஓர் உயிரின் பரம்பரைச் செய்தி முழுவதையும் மரபணுத்தொகுதி என்கிறோம். 2014இல் கோப்பியின் மரபணுத்தொகுதி வெளியாயிற்று. கோப்பியும் தேயிலையும் கஃபீனைத் தனித்தனி வழியில் உருவாக்கக் கற்றன என்பது அதனால் தெளிந்தது. 2017இல் சீன ஆய்வாளர் தேயிலையின் மரபணுத்தொகுதியை வெளியிட்டனர். அது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. தாவரவியலார் மட்டும் அதை வாசித்துவிட முடியாது. இரசாயனமும் புள்ளியியலும் கணினியியலும் கைகோக்க வேண்டியிருந்தது.

நடைமுறைப் பயன் என்ன? புதிய தேயிலை இனத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் கழியும். எச்செடி நோயைத் தாங்கும் என்பதை டி.என்.ஏ. அடையாளங்களால் நாற்றிலேயே அறிய முடிந்தால் அக்காலம் குறையும். 1946இல் இலங்கைக்குள் நுழைந்த கொப்புள நோயை எதிர்க்கும் செடி கிடைத்தால் செப்பு மருந்து தெளிப்பது குறையும். மருந்து தெளிப்பவரின் உடலும் தப்பும். வேறுபட்ட வமிசங்களைத் தெரிந்து கலந்து நடவும் வழி பிறக்கும்.

ஆனால் எக்குணத்தைத் தேடுவது என்பதை மரபணு தீர்மானிப்பதில்லை, மனிதரே தீர்மானிக்கின்றனர். கிலோக் கணக்கு ஒன்றே இலக்கானால், செடி பெருக்கித் தரும் கொழுந்து நாளாந்த அளவை உயர்த்தும். அளவு குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கமே தொடரும். நாட்கூலி 1,000 ரூபாயை எட்டவே 2021 வரை போராட வேண்டியிருந்ததை நினைவிற் கொள்வோம்.

எனவே ஆராய்ச்சி நிலையத்தின் மேசையில் கொழுந்து பறிப்பவருக்கும் ஓர் ஆசனம் வேண்டும். எந்த மலையில் எந்தச் செடி முதலில் நோயுறுகிறது என்பதை நாள்தோறும் காணும் கண்கள் அவருடையவை. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, மாணவர்களே! தேயிலையின் வமிசாவளியைக் கற்பிக்கும் அதே வகுப்பில், அதைப் பேணி வளர்த்தவர்களின் வரலாற்றையும் கற்பிப்போமாக.